புழு மேய்ந்த புல்

இன்னும் நன்றாகத் தின்னட்டும் என்று நினைத்துக்கொண்டே கமலவேணி இட்லியைப் பிட்டாள். நினைப்பு கீழே புல்வெளிக்குள் பதுங்கிக் கிடந்த புழுக்களைப் பற்றியது. இட்லி கணவருக்கு. தட்சிணாமூர்த்தி பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வாயைத் திறக்கலாமா வேண்டாமா என்று ஃபைலைப் பார்ப்பதுபோல அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சர்க்கரை தொட்டால் திறப்பார். தொட்டாள், திறந்தார். மணி நாலுகூட ஆகவில்லை, இரண்டு நாளாக மழை விட்டிருந்த ஐப்பசி வெயில் கம்பிக் கிராதி வழியாக அவர் முழங்காலில் கோடு கோடாக விழுந்திருந்தது. முதல் மாடி என்பதால் குடியிருப்பின் நடுவில் கிடந்த புல்வெளி மொத்தமும் காலடியில் தெரியும். பெங்களூரிலிருந்து பாய் பாயாகச் சுருட்டி லாரியில் வந்த புல். அதைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குச் சங்கிலி, நாலு மூலையிலும் நடக்காதே என்று பலகை. முந்தாநாள் வரை உள்ளங்கை அகலத்துக்குப் பழுத்திருந்த இடங்கள் இன்று ஒன்றோடொன்று சேர்ந்து, யாரோ ஈரக் கோணிகளை விரித்துப் போட்டதுபோல ஆகிவிட்டிருந்தன. ஓரத்துப் புல் மாடு கடித்த மாதிரி நுனி அறுந்து நின்றது. இத்தனை வீட்டில் ஒருத்தருக்குக்கூடவா தெரியாது என்று அவளுக்கு ஆச்சரியம். செல்போன் குரூப்பில் ஆளுக்கு ஒன்று எழுதிக்கொண்டிருந்தார்கள். போர் தண்ணீரில் உப்பு, மண்ணில் பூஞ்சை, சிமெண்ட் தூசி. நாய் மூத்திரம் பட்டால் புல் இப்படித்தான் கருகும் என்று ஒருவர் எழுத, நாயோ வேறு யாரோ என்று இன்னொருவர் எழுதிப் பக்கத்தில் கண்ணடிக்கும் மஞ்சள் மூஞ்சி ஒன்றைப் போட்டிருந்தார். அந்த மூஞ்சியைக் காலையிலிருந்து அவள் எத்தனை முறை திறந்து பார்த்துவிட்டாள். பார்க்கப் பார்க்க ஆத்திரம் புதிதாக ஊறியது. வேறு யாரோ. அந்த வேறு யாரோ இதோ இட்லியை மென்றுகொண்டிருக்கிறார், விழுங்க மறந்துவிட்டார், விழுங்குங்க என்று தொண்டையைத் தடவிவிட்டால்தான் உள்ளே போகும்.

மூன்று வாரத்துக்கு முன், முதல் மழை வெறித்த சாயங்காலமே அவள் பார்த்துவிட்டாள். சுற்றிலும் இன்னும் நெல்வயல்தான், வயலூர் ரோட்டில் இந்தக் கட்டடமே வயலைத் தூர்த்துக் கட்டியது. அங்கிருந்து விளக்கைத் தேடிக்கொண்டு அந்துப்பூச்சிகள் வந்தன. சாம்பலில் புரட்டியெடுத்த மாதிரி நிறம், இறக்கையில் ஒரு வெளுத்த கீற்று, சுவரில் உட்கார்ந்தால் காரை பெயர்ந்த இடம் என்றுதான் நினைக்கத் தோன்றும். தாய்ப்பூச்சி என்பார் அப்பா. மன்னார்குடிக்குத் தெற்கே அவர்கள் வீட்டில் அந்தப் பூச்சி விளக்கைச் சுற்றினால் அப்பா சோற்றில் கை வைத்தபடியே எழுந்து நாற்றங்காலுக்கு ஓடுவார். தாய் ஒன்றும் தின்னாது, புல்லைப் பார்த்து, நெல் நாற்றைப் பார்த்து முட்டையிட்டு அதன்மேல் தன் மயிரையே பிய்த்துப் போர்த்திவிட்டுச் செத்துப்போகும். தின்பதெல்லாம் பிள்ளைகள். பகலில் மண்ணோடு மண்ணாகக் கிடந்து பொழுது சாய்ந்ததும் படையாக ஏறித் தின்னும், அதனால் படைப்புழு. கமலவேணி அன்றைக்குப் பால்கனி விளக்கை அணைக்கப் போனவள் அணைக்கவில்லை. ஸ்விட்சில் வைத்த விரலை எடுத்துவிட்டாள். அவ்வளவுதான் அவள் செய்தது. விளக்கை எரியவிடுவது குற்றமா, எந்தச் சட்டத்தில் இருக்கிறது? அதற்கப்புறம் தினமும் பொழுது சாய்ந்தால் எரிந்தது. வாங்கடி, வாங்க என்று மனசுக்குள் கூப்பிட்டாள். கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரிகளைப் பந்தலுக்குள் அழைப்பதுபோலக் கூப்பிட்டாள்.

அழைப்பு மணி அடித்தது. இரும்புக் கிராதிக்கு வெளியே குமரகுரு நின்றுகொண்டிருந்தார், குடியிருப்போர் சங்கச் செயலாளர், இன்ஷ்யூரன்ஸில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், கையில் தாம்பாளம், தாம்பாளத்தில் பத்திரிகை. கிராதிப் பூட்டின் சாவி அவள் தாலிச் சரட்டில் கோர்த்திருந்தது. அதைக் குனிந்து திறப்பதற்குள் அவர் பூட்டையே பார்த்தார். திருப்தியாகப் பார்த்த மாதிரி அவளுக்குப் பட்டது. பூட்டச் சொன்னதே அவர்தானே.

"நாளைக்கு சாயந்தரம் பொண்ணு யாழினிக்கு நிச்சயம் மேடம். கீழ நம்ம லான்லயே வெச்சிருக்கோம். நீங்க அவசியம் வரணும்."

"வர்றோம்."

அவர் தாம்பாளத்தைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சாரை சிரமப்படுத்த வேணாம் மேடம். மாப்ள வீட்டுக்காரங்க நிறைய பேரு வர்றாங்க, புது ஆளுங்க, கூட்டம், அவருக்கும் கஷ்டம். வேணும்னா அந்த நேரத்துக்கு ஒரு நர்ஸ் ஏற்பாடு பண்ணித் தரேன்" என்றார்.

அவள் தாம்பாளத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். அவரே தொடர்ந்தார். "இன்னொண்ணு. உங்க அப்பா விவசாயம்னு ஒரு தடவ சொன்னீங்க. இந்தப் புல்லுக்கு என்னதான் கேடு? சவரிமுத்துவ கேட்டா பூஞ்சைங்கறான். நாளைக்கு வீடியோக்காரன்லாம் வர்றான். பாத்தா மானம் போவுது."

மானம் என்று அவர் வாயிலிருந்து அந்தச் சொல் விழுந்ததும் அவளுக்குள் எதுவோ மிக அமைதியாக உட்கார்ந்தது. "வேர் காஞ்சிருக்குங்க" என்றாள். குரல் தேன் மாதிரி வந்தது, அவளுக்கே வியப்பாக இருந்தது.

"மழை பேஞ்சுதே மேடம்?"

"மேல நனைஞ்சா ஆச்சா? வேருக்கு எறங்கணும். இப்பவே ஆரம்பிச்சு நல்லாத் தேங்கி நிக்கிற மாதிரி விடச் சொல்லுங்க. காலையிலயும் ஒரு தடவ. நாளைக்கு சாயங்காலம் பாருங்க."

"ரொம்ப நன்றி மேடம்" என்று கைகூப்பிவிட்டு அவர் படியில் வேகமாக இறங்கினார். சவரிமுத்து, சவரிமுத்து என்று தோட்டக்காரரைக் கூப்பிடும் குரல் மாடிப்படியில் முட்டி முட்டிக் கேட்டது.

திரும்பி வந்து அடுத்த விள்ளலைப் பிட்டபோது அவள் விரல் பரபரத்தது. பயமா? இல்லை, பயமில்லை. சின்ன வயதில் பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்தால் இப்படித்தான் பரபரக்கும். தண்ணீர் விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பாவாடை கட்டிய வயதில் பார்த்திருக்கிறாள். ஒரு ஐப்பசியில் அப்பா நாற்றங்கால் மடையைத் திறந்துவிட்டார், தண்ணீர் ஏறியது, மண் முழுக்கக் குமிழியிட்டது, பிறகு மண்ணே எழுந்து நெளிய ஆரம்பித்தது. பச்சையும் கறுப்புமாக வரியோடிய உடம்பு, விரல் பட்டால் சக்கரமாகச் சுருண்டு விழும், அடுத்த நிமிஷம் விரிந்து ஏறும். நாற்று நுனியில், வரப்பில், வேலி முள்ளில், களத்து மேட்டில் நின்ற அம்மாவின் புடவைக் கரையில். அம்மா புடவையை உதறிக்கொண்டு கத்தியது இப்போதும் காதில் இருக்கிறது. ஊறிய மண்ணுக்குள் அவை திரும்பப் போகாது. நாளைக்குச் சாயங்காலம் இந்தப் புல்வெளியில் சிவப்புக் கம்பளம் விரிப்பார்கள், வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள் போடுவார்கள், துணி தரையில் புரளும், புரண்ட துணியில் ஏறும். பொழுது சாய்கிற நேரம்தான் முகூர்த்தம், பத்திரிகையிலேயே போட்டிருக்கிறது. பொழுது சாய்கிற நேரம்தான் அவற்றுக்கும் பந்தி. மாப்பிள்ளையின் அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள், கணுக்காலில் ஏதோ குளிர்ச்சியாக ஊர்கிறதே என்று குனிவாள். தட்டுவரிசையில் பழத்தின்மேல் ஒன்று, லட்டின்மேல் ஒன்று, குங்குமத்தில் புரண்டு சிவந்து ஒன்று. குமரகுரு பட்டு வேட்டியைத் தூக்கிக்கொண்டு குதிப்பார். தூக்கட்டும். எல்லாருக்கும் முன்னால் முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கட்டும். வீடியோக்காரன் எடுக்கட்டும்.

தட்சிணாமூர்த்தி அந்தப் புல்லில் போய் நின்றது ஆடி மாதத்தில். அவள் குளித்துக்கொண்டிருந்தாள், தலைக்கு ஊற்றிக்கொள்ளும் நேரம்தான், கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டிருக்கிறார். சங்கிலியைத் தாண்டிப் புல்வெளி நடுவுக்குப் போய், வேட்டியைத் தூக்கிக்கொண்டு, வாய்க்கால் கரையில் நிற்பதுபோல நிதானமாக நின்றிருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் பொதுப்பணித்துறையில் வாய்க்கால் வாய்க்காலாக ஜீப்பில் அலைந்த மனுஷனுக்கு அது கரைதான். புல் தெரிந்தது, வெட்டவெளி தெரிந்தது, யாரும் இல்லை என்று தெரிந்திருக்கும். கம்பத்தில் கேமரா இருப்பது தெரியவில்லை. அதில் பதிந்ததை எடுத்து, முகத்தைக்கூட மறைக்காமல், குடியிருப்போர் கவனத்திற்கு, வயதானவர்களைக் கட்டுப்பாட்டில் வைப்பது குடும்பத்தினரின் பொறுப்பு என்று எழுதிக் குரூப்பில் போட்டார் குமரகுரு. கட்டைவிரல் கட்டைவிரலாக வந்தது. இரண்டாவது மாடியில் அவள் கொழுக்கட்டை கொடுத்தனுப்பும் வீட்டிலிருந்தும் ஒரு கட்டைவிரல். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் மூஞ்சி ஒன்று வந்து உடனே அழிந்தது. அழித்தால்? பார்த்துவிட்டாளே. துபாயிலிருந்து மகன் கூப்பிட்டு, என்னம்மா இது, யாரோ எனக்கே அனுப்பியிருக்காங்க என்றபோது அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைச் சுவரைப் பார்த்தபடி நின்றாள். கணவர் கையெழுத்துக்காக ஆபீஸ் வாசலில் காத்திருந்த விவசாயிகள் எத்தனை பேர். அவர் ஜீப் வந்தால் எழுந்து நிற்பார்கள், அவர்களை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் அவர் இறங்குவார். அந்த மனுஷனை ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரத்துக்குள் போட்டு, விரல் பட்டால் ஓடும்படி, திரும்பத் திரும்ப ஓடும்படி. அன்றைக்கு வாங்கிய பூட்டுதான் இது. அன்றிலிருந்து அவர் கீழே இறங்கவில்லை. கிராதியைப் பிடித்துக்கொண்டு, ஜீப் வந்துடுச்சா என்று கேட்பார். இன்னும் வரலைங்க என்பாள். நாலு மாதமாக அந்த ஜீப் வரவில்லை.

அன்றைக்கு யார் அவரை மேலே கூட்டிவந்தது என்று நினைக்கக்கூடாது. நினைப்பு அங்கே போகப் பார்த்தது, அவள் இழுத்துப் பிடித்துப் பத்திரிகையின் மேல் திருப்பினாள். கெட்டியான அட்டை, பொன் எழுத்து, நிகழும் மங்களகரமான. யாழினி என்ற பெயர் கொஞ்சம் பெரிய எழுத்தில். நினைப்பு மறுபடி அங்கேயே வந்து முள்ளில் துணி மாட்டுவதுபோல மாட்டிக்கொண்டது. ஈரத் தலையோடு அவள் கதவைத் திறந்தபோது அந்தப் பெண்தான் நின்றாள். அவர் கையைக் கோர்த்துப் பிடித்திருந்தாள், தன் துப்பட்டாவை அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்தாள், அதன் நீலத்தில் ஒரு பக்கம் நனைந்திருந்தது. அங்கிள் வாக்கிங் வந்தாங்க ஆன்ட்டி, லேசா தண்ணி பட்டுருச்சு என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். துப்பட்டாவைத் துவைத்து மடித்துக் கொடுக்கப் போனபோது, வெச்சுக்குங்க ஆன்ட்டி என்றுவிட்டாள். சரி. நல்ல பெண். நல்ல பெண்ணாக இருந்தால் என்ன, அப்பன் அப்பன்தானே, அவர் போட்டதை அவள் போய்த் தடுத்தாளா? தடுத்திருக்கலாம், தடுத்தும் அவர் கேட்காமல் இருந்திருக்கலாம், அது எனக்கெப்படித் தெரியும், எனக்குத் தெரிய வேண்டியதில்லை. நிச்சயத்தன்று இப்படி ஆனால் மாப்பிள்ளை வீட்டார் என்ன பேசுவார்கள்? சகுனம் என்பார்கள். பெண்ணைத்தான் சொல்வார்கள். குமரகுருவைச் சொல்ல மாட்டார்கள், புழு நெளிஞ்ச எடத்துல எடுத்த பொண்ணு என்று காலம் முழுக்க அவளைச் சொல்லுவார்கள். சொல்லட்டுமே. என் வீட்டுக்காரரைச் சொல்லவில்லையா? அவர் யாருக்கு என்ன செய்தார்? ஆனால் அந்த நீலத் துணி. ஈரமான அந்த ஒரு பக்கம். ஒரு வார்த்தை கீழே பார்த்துச் சொன்னால் போதும், சவரிமுத்து, தண்ணி வேணாம், மருந்துக்கடையில போய்க் கேளு என்று. அவள் சொல்லவில்லை. இட்லி விள்ளலைச் சர்க்கரையில் அழுத்தினாள். விள்ளல் உடைந்தது.

கீழே ரப்பர் குழாய் சீறிற்று. சவரிமுத்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, இன்னொரு குழாயையும் வால்வில் மாட்டித் திறந்துவிட்டார். தண்ணீர் பழுப்புத் திட்டுகளில் முதலில் நின்று யோசித்தது, பிறகு ஒன்றையொன்று தேடிப்போய்ச் சேர்ந்து, மேற்கு வெயிலில் தகரம் மாதிரி பளபளத்தது. கமலவேணி தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கிராதியில் நெற்றியைப் பதித்துப் பார்த்தாள். குமிழி. அங்கே ஒன்று, இங்கே ஒன்று. பிறகு புல் நுனியில் கறுப்பாக ஒன்று ஏறிற்று. அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். இன்னொன்று. பலகையின் காலில் வரிசையாக. வாங்க, வாங்கடா என் கண்ணுகளா. அப்போது பார்த்து அந்தப் பெண் வெளியே வந்தாள், யாழினி, வெறுங்காலோடு, பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மேடை போட வந்தவனிடம் எந்தப் பக்கம் என்று காட்டியபடி சங்கிலியைத் தாண்டித் தண்ணீருக்குள் நேராக நடந்தாள். பாதி தூரம் வந்ததும் தலையை நிமிர்த்தி பால்கனியைப் பார்த்தாள். "அங்கிள்!" என்று கையசைத்தாள். "சாப்டீங்களா அங்கிள்?"

தட்சிணாமூர்த்தி கையை அசைத்தார். யாரென்று தெரியாமல், தெரிந்தவர்களுக்கு அசைப்பதுபோலவே அசைத்தார். கமலவேணி கம்பிகளுக்கு நடுவே வாயைத் திறந்தாள். தள்ளிப் போம்மா என்பதா, போகாதே என்பதா, அது வார்த்தையாகவில்லை. ஆகவிடவும் இல்லை. யாழினி குனிந்து தன் காலைப் பார்த்தாள். அலறவில்லை. பாவாடையை இன்னும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, "அப்பா! இங்க வாங்கப்பா, பூச்சி! எவ்ளோ பாருங்க!" என்று கூப்பிட்டாள். குமரகுரு செருப்போடு ஓடிவந்து சங்கிலிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். நல்லா பாருங்க, நல்லா பாருங்க என்று மேலிருந்து கமலவேணியின் உதடு சத்தமில்லாமல் சொன்னது.

முதல் கொக்கு எங்கிருந்து வந்தது என்று அவள் பார்க்கவில்லை. காம்பவுண்டுச் சுவருக்கு அப்பால் உழுத வயலில் டிராக்டருக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தவற்றில் ஒன்றாக இருக்கும். இறங்கியது, கழுத்தை நீட்டியது, ஒன்றைக் கொத்தி நிமிர்ந்து விழுங்கியது. அடுத்து இரண்டு. அப்புறம் எண்ண முடியவில்லை, வெள்ளை வெள்ளையாக இறங்கிக்கொண்டே இருந்தன, நடுநடுவே மைனாக்கள் சண்டைபோட்டுக்கொண்டு புகுந்தன, காக்கைகள் சுவரிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் குதித்தன. புழு ஏற ஏறத் தீர்ந்தது. அடிப் பாவி என்று அவளுக்குள் ஒரு குரல் சொன்னது. வாத்து! அப்பா அன்றைக்கு வாத்துக்காரனை அழைத்துவந்து நிறுத்தியிருந்தார் அல்லவா, தண்ணீர் விட்டதே அதற்குத்தானே, புழு மேலே வந்ததும் வாத்துப் பட்டி மொத்தத்தையும் நாற்றங்காலில் இறக்கிவிட்டார்கள், பொழுது இருட்டுவதற்குள் ஒன்று மிச்சமில்லை. அன்று ராத்திரி வாத்துக்காரனுக்கு அம்மா கையாலேயே சாப்பாடு போட்டாள். எப்படி மறந்தது? அம்மா புடவையை உதறிய இடத்தோடு நினைப்பு நின்றுவிட்டது. தனக்கு வேண்டிய இடத்தில் தானே வெட்டிக்கொண்டு, மிச்சத்தை மண்ணுக்குள் தள்ளி மூடிவிட்டிருக்கிறது. இவர் மறக்கிறார் என்று இவரைப் பூட்டி வைத்திருக்கிறேன், என்னை யார் பூட்டுவது? கொக்குகளை அடித்து விரட்ட வேண்டும்போல ஆத்திரம் வந்தது. கூடவே, வயிற்றுக்குள் எங்கோ ஒரு கட்டு அவிழ்ந்த மாதிரியும் இருந்தது. அது ஆறுதல் என்று ஒத்துக்கொள்ள அவள் தயாராக இல்லை.

"மேடம்!" குமரகுரு கீழிருந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். முகமெல்லாம் பல். "வேருன்னு சொல்லிட்டு புழுவையே வெளிய கொண்டாந்துட்டீங்களே மேடம்! உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சா சொல்லக் கூடாதா!"

"புழு நாளைக்கு உங்க ஆளுங்க மேல ஏறணும்னுதான் தண்ணி விடச் சொன்னேன். கொக்கு வரும்னு நெனைக்கல."

அவர் சிரித்தார். பெரிதாகச் சிரித்து, பக்கத்தில் நின்ற மேடைக்காரனைப் பார்த்தார், மறுபடி மேலே பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பு பாதியில் எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே நின்றது. யாழினி சிரிக்கவே இல்லை. தண்ணீரில் நின்றபடி ஆன்ட்டியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று கமலவேணிக்குப் புரிந்தது.

அப்போது பின்னால் நாற்காலி நகர்ந்தது. தட்சிணாமூர்த்தி எழுந்து வந்து அவள் தோளை ஒட்டி நின்று கம்பியைப் பிடித்தார். தேங்கிய தண்ணீரையும் அதில் நடக்கும் கொக்குகளையும் வெகுநேரம் பார்த்தார். நெற்றியில் பல மாதமாகக் காணாத சுருக்கம் ஒன்று விழுந்தது.

"யார் வயல் இது?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "நம்ம வயல்தாங்க" என்றாள்.

"மதகு ஷட்டரை எறக்கச் சொல்லு." பழைய குரல், ஆபீஸ் குரல். "எதுக்கு இவ்ளோ தண்ணி? இது போதும். வாய்க்கால் கடைசியில கடமடைக்காரன் காத்துக் கெடப்பான்."

"சவரிமுத்து!" என்று கமலவேணி கத்தினாள். இந்தக் குடியிருப்புக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவள் பால்கனியிலிருந்து குரல் உயர்த்தியதே இல்லை. எதிர் பிளாக்கில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன. "தண்ணிய நிறுத்து! சார் நிறுத்தச் சொல்றாங்க!"

சவரிமுத்து குழாயைக் கையில் வைத்துக்கொண்டு செயலாளரைப் பார்த்தார். குமரகுரு மேலே பார்த்தார். "எந்த சார் மேடம்?"

"எங்க சார். இன்ஜினியர் சார். நீங்க குரூப்ல போட்டீங்களே, அவர்." குரல் உடைந்துவிடும் என்று பயந்தாள், உடையவில்லை. "நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் வர்றோம். முன் வரிசையில ரெண்டு நாற்காலி போட்டு வைங்க."

கொக்குகள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. குமரகுரு வாயைத் திறந்தார், அதற்குள் யாழினி தண்ணீரைக் கலக்கிக்கொண்டு நடந்துபோய், சவரிமுத்துவைக் கேட்காமல், குனிந்து வால்வைத் தானே திருகி மூடினாள். குழாய் இரண்டு முறை விக்கி அடங்கியது. நிமிர்ந்து, "போடறோம் அங்கிள்" என்றாள், அவரைப் பார்த்து.

"ம்" என்றார் தட்சிணாமூர்த்தி. ஃபைலை மூடுவதுபோலச் சொன்னார்.

இது போதாது என்று கமலவேணி நினைத்தாள். போதவே போதாது. நாளைக்கும் போதாது. நாளை மறுநாள் அந்த ஆளை லிஃப்டில் பார்த்தாலும் வயிறு இப்படித்தான் எரியும். ஆனாலும் கம்பியை விடாமல், கீழே வெறுமையாக நின்ற குமரகுருவின் கண்ணையே பார்த்தபடி நின்றாள். அவர் கண்ணை எடுக்கட்டும், அப்புறம் நான் எடுக்கிறேன். வெகுநேரம் ஆயிற்று. அவர்தான் எடுத்தார்.